கொன்றவர் எழுதும் கோப்பு

அந்தமான் தீவுக்கூட்டத்தின் வடக்குக் கோடியில், மியான்மரின் கோகோ தீவுகளுக்குத் தெற்கே, லேண்ட்ஃபால் என்று ஒரு தீவு இருக்கிறது. 1998 பிப்ரவரியில் அங்கே ஆறு பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். நடவடிக்கைக்கு 'ஆபரேஷன் லீச்' என்று பெயர். பன்னாட்டு ஆயுதக் கடத்தல் கும்பல் ஒன்றை நம் படைகள் கடலில் மடக்கின, மோதலில் ஆறு பேர் இறந்தார்கள், எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள், ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டன என்று அரசு அறிவித்தது. வெற்றிச் செய்தி. இதைப் படித்தவர்கள் யாரும் மறுகேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆயுதம் கடத்துகிறவன் நடுக்கடலில் செத்தால் நமக்கென்ன என்றுதான் தோன்றும். ஆனால் அந்தச் செய்திக்கு இன்னொரு வடிவம் உண்டு. அதைச் சொல்ல ஆட்கள் உயிரோடு மிஞ்சியிருந்தார்கள் என்பதுதான் இந்த வழக்கின் தனிச்சிறப்பு.

இறந்தவர்களும் பிடிபட்டவர்களில் முக்கியமானவர்களும் பர்மாவின் இராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராடிய அரக்கானியர்கள், கரேன்கள். கொல்லப்பட்டவர்களில் அரக்கான் தேசிய ஒற்றுமைக் கட்சியின் படைத்தலைவர் கைங் ராசாவும் ஒருவர். பிழைத்தவர்கள் சொன்னது இது: இந்திய இராணுவ உளவுப்பிரிவு அதிகாரி ஒருவரோடு எங்களுக்கு நெடுநாள் தொடர்பு உண்டு. அந்தமானில் எங்களுக்கு ஒரு தளம் தருவதாக அவர் சொல்லித்தான் படகேறி வந்தோம். வந்து இறங்கியதும் எங்கள் தலைவர்களை மட்டும் தனியே அழைத்துப்போய்ச் சுட்டுவிட்டார்கள். மோதல் என்று எதுவும் நடக்கவில்லை. வழக்கறிஞர் நந்திதா ஹக்சர் இவர்களுக்காக வாதாடி, பிறகு இதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அரசு தன் கதையை மாற்றிக்கொள்ளவில்லை. இந்த இரண்டில் எது உண்மை என்று இந்தப் பதிவில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை, அதற்கு எனக்கு யோக்கியதையும் கிடையாது. நான் சொல்ல வருவது வேறு. அந்தத் தீர்ப்பைச் சொல்லவேண்டிய இடத்துக்கு ஆறு பேரின் மரணம் போய்ச் சேரவே இல்லை. அப்படிப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளும் வசதிக்குப் பெயர்தான் விசாரணையில்லாமல் கொல்லும் அதிகாரம்.

பிழைத்தவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பிடிபட்டவர்களில் 34 பேர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது. பல ஆண்டுகள் குற்றப்பத்திரிகையே தாக்கலாகவில்லை. முதலில் போர்ட் பிளேர் சிறை, 2006-ல் கொல்கத்தா சிறை என்று காலம் போனது. கடைசியில் 2010-ல், கடுமையான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டு, சிறிய குற்றங்களை ஒப்புக்கொள்ளும் பேரத்தில் வழக்கு முடிந்தது. விதிக்கப்பட்ட தண்டனையைவிட அதிகமான காலத்தை அவர்கள் அதற்குள் சிறையில் கழித்துவிட்டிருந்தார்கள். 2011-ல் வெளியே வந்து, அகதிகளாக ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பொறுப்பில் டெல்லிக்குப் போனார்கள். பேரத்தில் முடிந்த வழக்கை விடுதலை என்று சொல்லமுடியாது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் அறிவித்ததாக நானும் எழுதமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த 34 பேரும் அந்த ஆறு பேரும் ஒரே பயணத்தில் வந்தவர்கள். அரசு சுமத்திய பழியும் ஒன்றே. நீதிமன்றத்தின் முன்னால் வந்து நின்றபோது அந்தப் பழி சில ஆண்டுச் சிறைத்தண்டனை அளவுக்குச் சுருங்கிவிட்டது. நீதிமன்றத்தின் முன்னால் வராதவர்களுக்கு அதே பழி மரணமாக முடிந்தது. தலைவர்கள் மேல் கூடுதல் குற்றம் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருந்திருக்கலாம், அதை நிரூபித்திருக்கவேண்டும். அந்த ஆறு பேருக்குக் கிடைக்காத விசாரணை எப்படி முடிந்திருக்கும் என்பதற்கு நம் கையில் இருக்கும் ஒரே அளவுகோல் இந்த 34 பேரின் வழக்குதான்.

சரி, இந்த அதிகாரத்தை எந்தச் சட்டம் கொடுத்தது? எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை. மணிப்பூரிலும் காஷ்மீரிலும் இருக்கும் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் அந்தமானில் இல்லை. அன்று நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-வது பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும்போது அவர் உயிரைப் பறிக்கும் உரிமை இல்லை என்று சொல்கிறது. அப்படிப்பட்ட குற்றம் சாட்டப்பட்டவர்கூடக் கைதை எதிர்த்தாலோ தப்பி ஓட முயன்றாலோதான் பலப்பிரயோகம் செய்யலாம். பிடிபட்டுக் கையில் இருப்பவரைச் சுட எந்தப் பிரிவும் இல்லை. தற்காப்பு உரிமை உண்டு, ஆனால் தற்காப்பு என்பதை நிரூபிக்கும் பொறுப்பு சுட்டவருடையது. ஆகவே ஏட்டில் பார்த்தால் இந்திய அரசுக்கு விசாரணையில்லாமல் யாரையும் கொல்லும் அதிகாரம் கிடையாது. நடைமுறையில் இருக்கிறது. எங்கிருந்து வருகிறது? கொன்றவரே நடந்ததை எழுதுகிறார். அவருடைய மேலதிகாரி அதைச் சரி என்று கையெழுத்திடுகிறார். வேறொருவர் போய்ப் பார்க்கமுடியாத இடத்தில் எல்லாம் நடந்திருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் போதும், தனியாகச் சட்டம் எதுவும் தேவையில்லை. இந்த மூன்றும் மிக எளிதாகச் சேருகிற இடம் தீவு. அதனால்தான் இந்த விஷயத்தை யோசிக்க அந்தமானைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்கிறேன். 140 ஆண்டுக்குள் மூன்று வெவ்வேறு அரசுகள் இங்கே இதே முறையில் கொன்றிருக்கின்றன.

முதல் அரசு பிரிட்டிஷ் அரசு. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு தீவாந்திர தண்டனைக் கைதிகளின் முதல் கூட்டத்தோடு 1858 மார்ச்சில் போர்ட் பிளேரில் வந்து இறங்கினார் ஜே.பி. வாக்கர். மருத்துவர், ஆக்ரா சிறையில் பணியாற்றியவர். முதல் மூன்று மாதத்தில் வந்து சேர்ந்த எழுநூற்றுச் சொச்சம் கைதிகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் காட்டுக்குள் தப்பி ஓடினார்கள். பலர் பசியாலும் அந்தமான் பழங்குடிகளின் அம்பாலும் மடிந்தார்கள். திரும்பிப் பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரை, தப்பி ஓடிய குற்றத்துக்காக, வாக்கர் தூக்கில் போட்டார். அவருக்கு விசாரிக்கும் அதிகாரம் முறைப்படி கொடுக்கப்பட்டிருந்தது என்பது உண்மை. ஆனால் சிறைக் கண்காணிப்பாளர் அவரே, குற்றம் சாட்டியவர் அவரே, நீதிபதி அவரே, தண்டனையை நிறைவேற்றியவரும் அவரே. இதை விசாரணை என்று அழைப்பதில் என்ன பொருள் இருக்கிறது? கல்கத்தாவில் இருந்த அரசுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததும் அதுவே அதிர்ந்துபோய் இந்த முறையைக் கண்டித்தது. கண்டிப்பு வந்து சேர்ந்தபோது தூக்கில் தொங்கியவர்கள் எல்லாம் புதைந்துபோயிருந்தார்கள். வாக்கர் மேலும் ஓராண்டுக்கு மேல் அதே பதவியில் இருந்தார். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதே 1858-ல் தப்பி ஓடிய தூத்நாத் திவாரி என்ற கைதி ஓராண்டு பழங்குடிகளோடு வாழ்ந்து, அவர்கள் குடியேற்றத்தைத் தாக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே வந்து சொன்னதால் மன்னிக்கப்பட்டார். குற்றம் அதேதான். ஒருவனுக்குக் கயிறு, ஒருவனுக்கு விடுதலை. அளவுகோல் அரசின் அன்றைய தேவை மட்டுமே.

இரண்டாவது அரசு ஜப்பானியக் கடற்படை. 1942 மார்ச் 23-ல் தீவில் இறங்கியது. வெள்ளைக்காரனை விரட்ட வந்தவர்கள் என்று வரவேற்ற மக்களே சில மாதத்தில் உளவாளிகள் என்ற சந்தேகத்துக்கு ஆளானார்கள். ஜப்பானியக் கப்பல்களை நேச நாட்டு நீர்மூழ்கிகள் தாக்கிக்கொண்டே இருந்தன. யாரோ உள்ளிருந்து தகவல் கொடுக்கிறார்கள் என்று ஜப்பானியர்கள் முடிவுகட்டினார்கள். செல்லுலார் சிறையில் நூற்றுக்கணக்கானோர் அடைத்துச் சித்திரவதை செய்யப்பட்டார்கள். இந்திய சுதந்திர லீகின் உள்ளூர்த் தலைவரும் பஞ்சாபிக் கவிஞருமான டாக்டர் திவான் சிங் 1944 ஜனவரி 14-ல் அந்தச் சித்திரவதையில் உயிர்விட்டார். இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 30-ல், 44 பேர் ஹம்ஃப்ரிகஞ்சுக்குக் கொண்டுபோகப்பட்டுச் சுட்டுக் குழியில் தள்ளப்பட்டார்கள். இதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், 1943 டிசம்பர் 30-ல், நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றியிருந்தார். தீவுகள் ஆசாத் இந்த் அரசின் கையில் வந்துவிட்டதாக அறிவிப்பு. அந்த நாளில் திவான் சிங் சிறைக்குள்தான் இருந்தார். பிறகு தலைமை ஆணையராக வந்தவர் தமிழரான ஆற்காடு துரைசாமி லோகநாதன். ஜப்பானியர்கள் அவரிடம் கல்வித்துறையைக் கொடுத்தார்கள், போலீஸைக் கொடுக்கவில்லை. கொடி யாருடையது என்பதைவிடக் கொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே ஆட்சி யாருடையது என்பதைச் சொல்லிவிடுகிறது.

இந்த 1944 கதையில் கசப்பான ஓர் உண்மை இருக்கிறது. தீவில் உண்மையாகவே உளவாளிகள் இருந்தார்கள். போருக்கு முன் போர்ட் பிளேரில் போலீஸ் கண்காணிப்பாளராக இருந்த டெனிஸ் மெக்கார்த்தி 1943 ஜனவரியில் டச்சு நீர்மூழ்கி ஒன்றில் வந்து, ஒரு சிறு குழுவோடு காட்டுக்குள் இறங்கினார். வாரக்கணக்கில் வேவு பார்த்தார், பத்திரமாகத் திரும்பியும் போனார். ஆக, ஜப்பானியர்களின் அச்சம் கற்பனை இல்லை. ஆபத்து இருந்தது, உளவு நடந்தது. செத்தவர்கள்தான் வேறு ஆட்கள். விசாரணையில்லாத கொலையை நியாயப்படுத்துகிறவர்கள் எப்போதும் ஆபத்து உண்மையானதுதானே என்று கேட்பார்கள். உண்மையாகவே இருக்கட்டும். ஆபத்து உண்மை என்பதாலேயே பிடிபட்டவர் அந்த ஆபத்துக்குக் காரணமானவர் ஆகிவிடமாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பத்தான் சாட்சி, குறுக்கு விசாரணை, நீதிபதி எல்லாம். அந்த இடைவெளியைச் சித்திரவதையில் பெற்ற வாக்குமூலத்தால் நிரப்பியதன் விலை ஹம்ஃப்ரிகஞ்சில் 44 உயிர்.

இன்னும் ஒரு படி போகலாம். 1945 ஜூலை, ஆகஸ்டில், போர் முடியப்போகும் நேரத்தில், கார் நிக்கோபாரில் நேச நாட்டு விமானங்களுக்கு ராக்கெட் விட்டுச் சமிக்ஞை காட்டினார்கள் என்று சொல்லி நிக்கோபாரியர்களை ஜப்பானியர்கள் கொன்றார்கள். பிற்காலத்தில் பிஷப்பாகவும், 1952-ல் மக்களவை உறுப்பினராகவும் ஆன ஜான் ரிச்சர்ட்சன் அந்த நாட்களில் உயிர் பிழைத்தவர். அவருடைய மகன் பிழைக்கவில்லை. போர் முடிந்ததும் 1946-ல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் இந்தக் கொலைகளுக்காகத் தளபதி இட்சுகி தோஷியோவையும் மற்றவர்களையும் விசாரித்தது. எதிர்த்தரப்பு வாதத்தின் சாரம் என்ன தெரியுமா? எதிரி எந்த நேரமும் கரையிறங்கலாம் என்ற நெருக்கடி, முறையான இராணுவ நீதிமன்றம் கூட்ட நேரமில்லை, சுருக்கமான ஒரு நடைமுறையைப் பின்பற்றித்தான் முடிவெடுத்தோம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இட்சுகிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. வென்றவர் தோற்றவரை விசாரித்த நீதிமன்றம் அது என்று குறை சொல்லலாம். 1858-ல் வாக்கர் செய்ததை எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்லலாம். இரண்டும் சரியான குறைகளே. ஆனாலும் அந்தச் சிங்கப்பூர் அறையில் ஒன்று நடந்தது. கொன்றவர் எழுதிய கோப்பை, கொன்றவருக்குக் கீழ்ப்படியாத வேறு ஒருவர் திறந்து படித்தார். அந்தமான் நிக்கோபார் வரலாற்றில் அது நடந்த அபூர்வமான தருணம் அது. அதற்கு ஓர் அரசு போரில் தோற்கவேண்டியிருந்தது. தோற்காத அரசின் கோப்பை யார் திறப்பது என்பதே நம் முன்னால் இருக்கும் கேள்வி.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு நேரம் பற்றியது. எதிரே துப்பாக்கி இருக்கும்போது நீதிபதியைத் தேடிக்கொண்டு போகமுடியுமா என்று கேட்பார்கள். முடியாது, யாரும் போகச் சொல்லவும் இல்லை. தற்காப்புக்காகச் சுடுவதைச் சட்டம் ஏற்கெனவே அனுமதிக்கிறது. சுடுவதற்கு முன்னால் அனுமதி கேள் என்பதல்ல கோரிக்கை, சுட்ட பிறகு கணக்குச் சொல் என்பதுதான். லேண்ட்ஃபாலில் சண்டை மூண்டதா, கையில் சிக்கியவர்களைச் சுட்டார்களா என்பதே தகராறு. சண்டை மூண்டிருந்தால் அதை நிரூபிக்க அரசிடம் முப்படையின் பதிவேடுகளும் சாட்சிகளும் இருந்தன. நேரமும் பன்னிரண்டு ஆண்டு இருந்தது. போர்ச் சட்டம் பேசுகிறவர்களும் இதை மறக்கக்கூடாது: ஆயுதத்தைக் கீழே போட்டவனையும் பிடிபட்டவனையும் கொல்லக்கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தங்களே சொல்கின்றன. போர் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு குறைந்துவிடாது.

இரண்டாவது மறுப்பு இரகசியம். உளவுத் தகவலை வெளியே சொன்னால் ஆட்கள் அம்பலமாவார்கள், அதனால் திறந்த நீதிமன்றம் சாத்தியமில்லை என்கிறார்கள். இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குச் சட்டம் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. 1923-ம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டத்தின் வழக்குகளில் பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டு விசாரிக்கலாம். மூடிய கதவுக்குள் நீதிபதி பார்ப்பதும் யாருமே பார்க்காததும் ஒன்றில்லை. மேலும் 34 பேரின் வழக்கு கொல்கத்தாவில் நடந்தது, தேசம் கவிழ்ந்துவிடவில்லை. இரகசியம் என்ற சுவர் பெரும்பாலும் எதிரியைத் தடுப்பதில்லை, தவற்றைத் திருத்த வருகிறவரைத் தடுக்கிறது. மெக்கார்த்தி காட்டில் இருந்தபோது அவரைப் பிடிக்கமுடியாத உளவுத்துறைதான் 44 பேரை உறுதியாகக் குற்றவாளி என்று எழுதியது. அந்தக் கோப்பைத் திறந்த மன்றத்தில் அரை நாள் குறுக்கு விசாரணை செய்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கூர்மையானது. லேண்ட்ஃபாலில் இறந்தவர்கள் இந்தியர்களே இல்லை. அரசு தன் குடிமக்களைக் கொல்வதைப் பற்றிப் பேச வந்துவிட்டு வெளிநாட்டவரைப் பற்றி ஏன் பேசுகிறாய் என்று கேட்கலாம். முதல் பதில், சட்டம். நம் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு இந்தியக் குடிமகனுக்கு மட்டுமானதல்ல, இந்த மண்ணில் நிற்கும் எவருக்கும் உரியது. 1996-ல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரண்டாவது பதில், அனுபவம். இந்த அதிகாரம் எங்கேயும் வாக்குரிமை உள்ளவர் மேல் முதலில் பிறப்பதில்லை. கைதி, அந்நியர், அகதி, கிளர்ச்சிக்காரர் என்று, அழ ஆளில்லாதவர் மேல் பழகுகிறது. பழகிய கை பிறகு எல்லையைப் பார்ப்பதில்லை. அமெரிக்கா ஆளில்லா விமானத்தால் வெளிநாட்டவரைக் கொன்றுகொண்டிருந்தபோது அந்நாட்டில் பெரிய எதிர்ப்பு இல்லை. 2011 செப்டம்பர் 30-ல் ஏமனில் அன்வர் அல்-அவ்லாக்கி என்ற அமெரிக்கக் குடிமகனே அப்படிக் கொல்லப்பட்டார். மகனைக் கொலைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி அவருடைய தந்தை தொடுத்த வழக்கை நீதிமன்றம் அதற்கு முந்தைய ஆண்டே தள்ளுபடி செய்திருந்தது. அன்வர் கொல்லப்பட்டு இரண்டு வாரம் கழித்து, அமெரிக்காவிலேயே பிறந்த, 16 வயதான அவருடைய மகனும் இன்னொரு தாக்குதலில் இறந்தான். சட்டப்படியான நடைமுறை என்றால் நீதிமன்ற நடைமுறையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என்று அந்நாட்டு அட்டர்னி ஜெனரல் 2012-ல் விளக்கம் கொடுத்தார். கார் நிக்கோபார் தளபதியின் வழக்கறிஞர் சிங்கப்பூரில் சொன்னதற்கும் இதற்கும் சட்ட மொழியில் ஆயிரம் வித்தியாசம் காட்டலாம். அடிப்படை ஒன்றுதான்: எங்களுக்குள்ளேயே யோசித்து முடிவெடுத்துவிட்டோம், அது போதும். நம் நாட்டில் மணிப்பூரில் கொல்லப்பட்டவர்கள் எல்லாரும் இந்தியக் குடிமக்கள்தான். அங்கே 1,528 மரணங்களைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் மனு வந்தபோது, நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையிலான குழு 2013-ல் மாதிரிக்கு ஆறு நிகழ்வுகளை எடுத்து ஆராய்ந்தது. ஆறில் ஒன்றுகூட உண்மையான மோதல் இல்லை என்று அறிக்கை கொடுத்தது.

நான்காவது மறுப்பைத் தமிழ்நாட்டில் டீக்கடையில் தினமும் கேட்கலாம். கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம் ஆகும், சாட்சி பிறழ்வான், ஜாமீனில் வந்து மறுபடி வெட்டுவான், போட்டுத்தள்ளினால்தான் அடங்குவான். ரவுடி சுடப்பட்டால் மகிழ்ச்சி, கஸ்டடியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு படம் வந்தால் சிரிப்பு. இந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை இளக்காரமாகப் பேசத் தேவையில்லை. ஆனால் தாமதம் யாருடையது என்று பாருங்கள். 34 பேரின் வழக்கில் பல ஆண்டுகள் குற்றப்பத்திரிகை போடாமல் இருந்தது நீதிபதியா, அரசா? வழக்கை இழுப்பதும் அரசு, வழக்கு இழுக்கிறதே என்று சொல்லிச் சுடுவதும் அரசு என்றால், தன் குறையையே தனக்கு அதிகாரமாக மாற்றிக்கொள்கிறது என்று பொருள். கைதட்டலைப் பற்றியும் ஒரு சான்று உண்டு. 2019 டிசம்பர் 6-ல் ஹைதராபாத் அருகே, பாலியல் வன்கொடுமைக் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேர் போலீஸ் காவலில் சுட்டுக்கொல்லப்பட்டபோது மக்கள் போலீஸ் மேல் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், அவர்கள் தாக்கியதாகச் சொன்ன கதை நம்பத்தக்கதல்ல, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றும், நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் 2022-ல் கண்டறிந்தது. பத்துப் போலீஸார் மேல் கொலை வழக்கு விசாரணை நடத்தப் பரிந்துரைத்தது. அந்தப் பெண்ணைக் கொன்றவர்கள் யார் என்பதற்கு விசாரணை நடந்து ஒரு தீர்ப்பு வந்திருக்கவேண்டும். இறந்தவர்கள் மேல் இனி அந்த விசாரணை நடக்கமுடியாது. அவளுக்குக் கிடைக்கவேண்டிய நீதியும் அந்தப் பூவோடு போயிற்று.

கடைசி மறுப்பு, படையினரின் மனவுறுதி. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் கேட்டால் யார் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுவார் என்கிறார்கள். வங்கிக் காசாளர் ஒவ்வொரு நாள் மாலையும் பெட்டியை எண்ணி ஒப்படைக்கிறார். அதனால் அவரைத் திருடன் என்று சொன்னதாக யாரும் நினைப்பதில்லை, நாணயமான காசாளருக்கு அந்தக் கணக்கே பாதுகாப்பு. எல்லையில் நேர்மையாகச் சண்டையிட்ட வீரரையும் கைதியை அழைத்துப்போய்ச் சுட்டவரையும் ஒரே அறிக்கை, ஒரே பதக்கம் என்று சமமாக வைப்பதுதான் நேர்மையான வீரருக்கு நாம் செய்யும் அவமரியாதை. கணக்குக் கேட்காத படையில் நல்லவரையும் கெட்டவரையும் பிரித்துக்காட்ட எதுவும் மிஞ்சாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, புதிதாக ஒரு பெரிய சட்டம் வேண்டும் என்று நான் முடிக்கப்போவதில்லை. தேவையானதில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. 2014-ல் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளைக் கொடுத்தது: என்கவுன்டர் மரணம் என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம், வேறு காவல் நிலையத்தினரோ சி.ஐ.டி.யோ விசாரிக்கவேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கவேண்டும், மோதல் உண்மைதான் என்று ஐயத்துக்கு இடமின்றித் தெரியும்வரை விருதோ அவசரப் பதவி உயர்வோ கூடாது. 2016-ல் மணிப்பூர் வழக்கில் நீதிபதிகள் லோகூரும் லலித்தும், கலவரப் பகுதி என்பதாலேயே படையினருக்கு முழு விலக்கு கிடைத்துவிடாது என்றார்கள். ஓட்டை எங்கே இருக்கிறது? இரண்டு இடத்தில். மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, ஆயுதப்படை மேல் புகார் வந்தால் தேசிய மனித உரிமை ஆணையம் தானாக விசாரிக்கமுடியாது, மத்திய அரசிடம் அறிக்கை கேட்கலாம், பரிந்துரை செய்யலாம், அதோடு சரி. அதாவது கொன்றவர் எழுதிய கோப்பின் நகலைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். அடுத்தது, படையினர் மேல் வழக்குத் தொடர மத்திய அரசிடம் வாங்கவேண்டிய முன் அனுமதி. 2000-ல் காஷ்மீரின் பத்ரிபலில் ஐந்து பேர் கொல்லப்பட்டதை அப்பட்டமான படுகொலை என்று சி.பி.ஐ.யே சொன்னது. வழக்கு இராணுவத்தின் கைக்குத் திரும்பிப்போய் 2014-ல் ஆதாரம் போதவில்லை என்று மூடப்பட்டது. ஆணையத்துக்கு நேரடியாக விசாரிக்கும் உரிமையும், முன் அனுமதிக்குக் கெடுவும், அது மறுக்கப்பட்டால் அந்த மறுப்பை நீதிமன்றத்தில் எதிர்க்கும் தெளிவான வழியும் வந்தால், நான் மேலே சொன்ன மூன்று வசதிகளில் இரண்டு உடைந்துவிடும். தீவின் தூரத்தை யாராலும் குறைக்கமுடியாது. தூரம் மட்டும் தனியாக யாரையும் கொன்றுவிடாது.

அந்தமானுக்குச் சட்டமன்றம் கிடையாது. துணைநிலை ஆளுநர் ஆளுகிறார், கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அமர்வு போர்ட் பிளேரில் கூடுகிறது, மக்களவைக்கு ஒரே ஓர் உறுப்பினர். ஓர் அரசைக் கேள்வி கேட்கும் வாய்கள் இங்கே மற்ற இடங்களைவிடக் குறைவு. போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். காலனிய அடையாளத்தை அழிப்பதாகச் சொன்னார்கள். காலனி விட்டுப்போன பழக்கங்களில் பெயர் மிகச் சிறியது. கொன்றவரே நீதிபதியாக இருந்த வாக்கரின் நடைமுறை அதைவிடப் பெரியது, அது இன்னும் போகவில்லை. அதை அழிக்கும் எண்ணம் அரசுக்கு உண்டென்றால் முதல் வேலை கைவசமே இருக்கிறது: 1998-ன் லேண்ட்ஃபால் கோப்பை இராணுவத்தோடு தொடர்பில்லாத ஒரு நீதிபதியிடம் கொடுக்கலாம். அரசு சொன்னதே உண்மை என்று அவர் கண்டறிந்தால் அரசுக்கு நட்டம் எதுவும் இல்லை. வேறு மாதிரி கண்டறிந்தால், இந்த நாட்டில் விசாரணையில்லாமல் கொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்று நாம் ஏட்டில் எழுதிவைத்திருப்பது முதல்முறையாக அந்தத் தீவிலும் நடைமுறைக்கு வரும்.